மாற்று நம்பிக்கை கொண்டவர்களிடம் பொறுமையும் சகிப்பும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்கள் பல. இந்த ஊர்களில் வாழ்பவர்கள் சகிப்புத்தன்மையைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அன்றாட வாழ்க்கையிலிருந்தே எழுகின்றன. அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதப்பட்டிருக்கிறது.

சகிப்புத்தன்மை என்றால் எல்லா மதங்களும் ஒன்றே என்று ஒப்புக்கொள்வதா?

இல்லை. அப்படி ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. அது அவர்களுடைய நம்பிக்கை. ஆனால் ஒருவர் தம் மார்க்கமே உண்மை என்று உறுதியாக நம்பிக்கொண்டே, அதை நம்பாத அண்டை வீட்டாரிடம் மரியாதையோடும் பொறுமையோடும் பழக முடியும். சொல்லப்போனால் சகிப்பு என்னும் குணத்துக்கு வேலை வருவதே கருத்து வேறுபாடு உண்மையாக இருக்கும் இடத்தில்தான். வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட்டால் சகித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

இதற்கு மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) நல்ல முன்மாதிரி இருக்கிறது. அவ்வூரில் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர்; தம் நம்பிக்கையை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோ சைவ மடத்தின் பீடத்தில் இருந்தவர். அந்தத் தேசிகரைப் புகழ்ந்து வேதநாயகம் பிள்ளை செய்யுள் பாடினார். ஆதீன வித்துவானான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக்கி, கோவை என்னும் வகையில் ஒரு செய்யுள் நூலே இயற்றினார். இந்த நட்புக்காக யாரும் மதம் மாறவில்லை. சைவர் திருநீற்றை அழிக்கவுமில்லை, கத்தோலிக்கர் சிலுவையைக் கழற்றவுமில்லை. வேதநாயகம் பிள்ளை பின்னாளில் எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளைச் சர்வ சமய சமரசம் என்னும் பெயரால் எழுதினார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிற மதத்தாரின் நூல்களைப் படிப்பதும் அவர்களுடைய கொள்கையைக் கேட்டறிவதும் என் நம்பிக்கையைத் தளர்த்திவிடாதா?

இந்த அச்சம் இயல்பானது. இதைக் கேலி செய்யக் கூடாது. ஆயினும் காவிரிக் கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேள்வி கேட்பவர் தெரிந்துகொள்வது நல்லது.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் சைவ மடத்தில் பயின்றவர். அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டியதன் பேரில் அவர் சீவகசிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். அது சமண காவியம். உரையைப் படிக்கப் படிக்கப் பொருள் விளங்காத இடங்கள் பெருகின. அவை சமண சமயத்தாருக்கே உரிய சொற்கள், சடங்குகள், தத்துவங்கள் என்பதை உணர்ந்ததும், கும்பகோணத்திலேயே குடியிருந்த சமணர்களைத் தேடிச் சென்று அவர்கள் வீட்டில் அமர்ந்து பாடம் கேட்டார். ஊகித்து எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அக்காலத்தில் அதைத் தட்டிக்கேட்க அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1887-இல் அந்நூல் அச்சாகி வெளிவந்தது. 1898-இல் பௌத்த காவியமான மணிமேகலையைப் பதிப்பித்தபோதும் இதே முறைதான்: பௌத்தக் கருத்துகளை ரங்காசாரியர் என்னும் அறிஞரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். வாழ்நாள் முழுவதும் சைவராகவே இருந்த ஒருவரின் உழைப்பால்தான் இன்று நம் கையில் அந்தச் சமண, பௌத்தக் காவியங்கள் செம்மையான பதிப்பாக இருக்கின்றன.

தரங்கம்பாடியிலும் இதை ஒட்டிய வரலாறு உண்டு. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, இந்நாட்டாரை மதம் மாற்றும் நோக்கத்தோடு வந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தமிழ் கற்று, ஏட்டுச்சுவடிகளைச் சேகரித்து, தமிழ் மக்களிடம் கேட்டறிந்து, தென்னாட்டுத் தெய்வங்களின் வரிசையை விவரிக்கும் நூலொன்றை 1713-இல் எழுதி முடித்தார். ஜெர்மனியில் இருந்த அவருடைய மேலாளர்கள் புறச்சமயத்தாரின் கதைகளைப் பரப்புவது அவர் வேலையல்ல என்று கருதி அதை அச்சிட மறுத்தார்கள். அது 1867-இல்தான் அச்சேறியது. மதம் மாற்ற வந்தவரே முதலில் கேட்டறிய வேண்டும் என்று நினைத்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஆகவே எளிய பயிற்சி ஒன்றைச் சொல்லலாம். பிறருடைய நம்பிக்கையைப் பற்றி நீங்கள் ஒரு கருத்துச் சொல்வதற்கு முன், அந்த நம்பிக்கையை உங்கள் வாயால் அவரிடமே எடுத்துச் சொல்லிப் பாருங்கள். "ஆமாம், நாங்கள் நம்புவது இதுதான்" என்று அவர் தலையசைத்தால் மட்டும் மேலே பேசுங்கள். பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்தப் படியைத் தாண்டாமலே முடிந்துவிடுவதைக் காண்பீர்கள்.

நம் பகுதி எப்போதும் மத நல்லிணக்கத்தோடுதான் இருந்ததா?

அப்படிச் சொல்வது கேட்க இனிமையாக இருக்கும், உண்மையாகாது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்துக்கு, சிவபக்தரான முதலாம் இராஜராஜ சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினார். லெய்டன் நகரில் பாதுகாக்கப்படும் செப்பேடு இதைச் சொல்கிறது. அந்தப் பௌத்தத் தலத்தில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரம் 1867-இல் அரசின் அனுமதியோடு இடிக்கப்பட்டது. இடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் ஏசு சபைப் பாதிரியார்கள். ஒரே தலத்தில் கொடையும் நடந்திருக்கிறது, இடிப்பும் நடந்திருக்கிறது.

திருவாரூர்க் கமலாலயக் குளத்தைப் பற்றிப் பெரியபுராணம் சொல்லும் தண்டியடிகள் வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். கண் தெரியாத அடியார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளத்தைத் தோண்டி மண் சுமந்தார். மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று சமணர்கள் தடுத்தார்கள். ஒருவருக்கு இறைத்தொண்டு, மற்றவருக்கு உயிர்க்கொலை. இரண்டும் மனமறிந்த நம்பிக்கைகளே. அந்தக் கதை சமணர்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்படுவதில் முடிகிறது. சைவர்களாகிய நாம் அதை அடியாரின் வெற்றியாகவே படித்துப் பழகியிருக்கிறோம். வெளியேற்றப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை படிப்பது பொறுமையை வளர்க்கும் என்பது என் கருத்து.

கசப்பான பக்கங்கள் இருந்ததை ஒப்புக்கொண்டால்தான் நல்ல பக்கங்களுக்கும் மதிப்பு உண்டாகும். நாகூர் தர்காவின் மினாராக்களில் மிக உயர்ந்ததான 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவருக்கு அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டார் நாங்கள் கொடுக்கும் பிரசாதத்தை வாங்க மறுக்கிறார்கள். இது எங்களை அவமதிப்பது ஆகாதா?

ஆகாது. இஸ்லாமியர்களில் பலரும் கிறிஸ்தவர்களில் சில சபையினரும், வேறு தெய்வத்துக்குப் படைத்த உணவை உண்பது தங்கள் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று கருதுகிறார்கள். அவர்கள் விலக்குவது படையலைத்தான். உங்களை விலக்குவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே வீட்டார் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் இது விளங்கும்.

வழி எளிது. பொங்கலோ சுண்டலோ எதுவானாலும், படைப்பதற்கு முன்பே அவர்களுக்கென்று ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, கொடுக்கும்போது அதைச் சொல்லியே கொடுங்கள். இதே கவனம் எதிர்ப்பக்கத்திலும் வெகுகாலமாக இருந்துவருகிறது. பெருநாள் காலையில் சைவச் சாப்பாட்டு வீட்டுக்குத் தூக்கில் சேமியாப் பாயசம் கொண்டுவரும் அம்மா, வாசற்படியில் நின்றே, "தனிப் பாத்திரத்துல காய்ச்சுனதும்மா, கறி பொழங்குற ஏனம் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். வாங்கிக்கொண்டவர் அந்தத் தூக்கைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார். கொஞ்சம் சர்க்கரையாவது, கொல்லையில் பறித்த நாலு முருங்கைக்காயாவது அதோடு போகும். அந்த அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தில் அடுத்தவர் நம்பிக்கையைப் பற்றிய அறிவும் அதற்குரிய மரியாதையும் முழுவதுமாக இருக்கின்றன.

திருநீறு, குங்குமம், ஜெபித்த எண்ணெய், பாத்தியா ஓதிய சர்க்கரை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். ஒருமுறை நீட்டலாம், வேண்டாம் என்றால் முகம் மாறாமல் கையை இழுத்துக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கிச் சத்தம் பொறுக்க முடியவில்லை. எவ்வளவுதான் பொறுத்துக்கொள்வது?

மார்கழி விடியலில் கோயில் பாட்டு, பள்ளிவாசலின் பாங்கு, சர்ச் கொடியேற்றத்தின் குழாய் ஒலிபெருக்கி, அரசியல் கூட்டம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு.

சட்டத்தைக் கையில் எடுப்பதற்கு முன் நாட்டாமை, ஜமாஅத் தலைவர், பங்குத்தந்தை ஆகியோரில் உரியவரிடம் நேரில் போய், பகல் வேளையில், கோபம் தணிந்த பிறகு பேசுங்கள். "உங்கள் தொழுகை தொந்தரவாக இருக்கிறது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, எங்கள் பக்கம் திரும்பியிருக்கும் குழாயை மட்டும் திருப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் அன்றைக்கே திருப்பி வைத்துவிடுவார்கள். உங்கள் கோயில் கமிட்டியின் ஒலிபெருக்கியையும் இதே அளவுகோலால் அளந்துவிட்டுப் போவது முக்கியம். தம் பக்கத்துச் சத்தம் நமக்குச் சத்தமாகவே கேட்பதில்லை.

என் தம்பி வேறு மதத்தைத் தழுவிவிட்டான். அவனை வீட்டில் சேர்த்துக்கொள்வதா என்று உறவுகள் கேட்கிறார்கள்.

சேர்த்துக்கொள்ளுங்கள். மனச்சாட்சிச் சுதந்திரம் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு அவருக்குத் தந்த உரிமை என்பது ஒருபுறம் இருக்கட்டும்; அவர் உங்கள் தம்பி. வருத்தம் இருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. வருத்தப்படுவதையும் விலக்கி வைப்பதையும் ஒன்றாக்காதிருந்தால் போதும்.

இத்தகைய குடும்பங்களில் உண்மையான நெருக்கடி வருவது சாவு வீட்டில். தாய் இறந்துவிடுகிறார், மூத்த மகன் மதம் மாறியவர், கொள்ளி வைப்பது தன் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்கிறார். பந்தலில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு தொடங்கினால், அதன் காயம் பல ஆண்டுகளுக்கு ஆறாது. ஆகவே பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எல்லோரும் கூடியிருக்கும் ஒரு நல்ல நாளில், யார் எதைச் செய்வது என்று பேசி முடித்துவிட வேண்டும். சடங்கைச் செய்ய முடியாத மகனுக்கும் செய்ய எவ்வளவோ இருக்கிறது: தோள் கொடுக்கலாம், வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யலாம், மருத்துவச் செலவுக் கடனை ஏற்கலாம். அவர் சடங்கின்போது ஓரமாக அமைதியாக நிற்பதை மரியாதை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல மதம் மாறியவரும், "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்ற பேச்சை அந்தப் பதினாறு நாட்களுக்காவது வாயில் எடுக்கக் கூடாது. பொறுமை இரு தரப்புக்கும் உரிய கடமை.

மதம் விட்டு மதம் திருமணம் செய்ய ஒருவர் மாறித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் கீழ் இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது, எந்தப் பண்டிகையை எந்த வீட்டில் கொண்டாடுவது ஆகியவற்றை மணமக்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பெற்றோர் அதில் தலையிடாமல் இருப்பது நல்லது.

வீட்டிலேயே ஒருவர் கடவுள் மறுப்பாளர். அவரோடு எப்படி ஒத்துப்போவது?

இந்தக் கேள்வி டெல்டாவில் வருவது வியப்பில்லை. திராவிடர் கழகமும் பொதுவுடைமை இயக்கமும் ஆழ வேரூன்றிய மண் இது. பூசை அறையும் பெரியார் படமும் ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். தருமபுரம் ஆதீனத்தில் பயின்ற குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் மேடையில் கருத்தால் மோதியவர்கள். ஒருவரையொருவர் மதித்துப் பழகியவர்கள். கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது, தள்ளாத வயதிலும் பிறர் கைத்தாங்கலாகப் பிடிக்கப் பெரியார் எழுந்து நிற்பார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடவுளை மறுப்பதில் அவர் சிறிதும் விட்டுக்கொடுத்ததில்லை. அவையில் இருப்பவர்களுக்குரிய மரியாதையையும் குறைத்ததில்லை.

வீட்டிலும் அவ்வாறே. நம்பாதவரைத் தீபாராதனைக்கு இழுக்காதீர்கள். நம்பாதவரும் விரதம் இருக்கும் மனைவி முன் தட்டை வைத்துக்கொண்டு விவாதத்தைத் தொடங்க வேண்டாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிற மதத்தாரை இழித்துப் பேசும் செய்திகள் வருகின்றன. சும்மா இருப்பதா, எதிர்ப்பதா?

சும்மா இருப்பது ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் பெரியப்பாவைத் திருத்தினால் அவர் தம் மானத்துக்காகவே அந்தச் செய்தியைப் பிடித்துக்கொள்வார். தனியாகத் தொலைபேசியில் அழைத்து, "பெரியப்பா, இந்தப் படம் நம்ம ஊருல எடுத்ததில்ல, எங்கேயோ எப்பவோ நடந்தது" என்று சொல்லுங்கள். சான்றோடு சொன்னால் பலர் தாங்களே அழித்துவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299 பிரிவுகள் மதப் பகையைத் தூண்டுவதையும் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதையும் குற்றமாக்குகின்றன. அனுப்பியதைப் பரப்புபவரும் மாட்டிக்கொள்ளலாம் என்பதை அவருக்கு அன்போடு தெரிவிப்பதும் உதவிதான்.

எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது?

நம்பிக்கையின் பெயரால் ஒரு மனிதரை மனிதராக நடத்த மறுப்பதைப் பொறுக்கக் கூடாது. "எங்கள் கோயில் வழக்கம் இது" என்று சொல்லி ஒரு சாதியாரை வாசலில் நிறுத்துவது வழக்கமாகாது. 1947-இன் ஆலய நுழைவுச் சட்டமும் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவும் அதை முடித்துவிட்டன. இறந்தவரின் உடலைச் சுமந்து செல்லும் பாதையை மறிப்பதும், மகளை வீட்டில் பூட்டி வைப்பதும், மருத்துவத்தை மறுத்துக் குழந்தையை வதைப்பதும் இதில் அடங்கும்.

இந்தப் பகுதியில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமை என்ற அறிவுரை இங்கே நெடுங்காலம் கீழே இருந்தவர்களுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கூலி உயர்வு. மதத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் அநீதிக்கு ஆளானவரிடம் போய்ப் பொறுத்துப் போகச் சொல்வதற்கும், நாம் இங்கே பேசும் சகிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதற்கு அந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சகிப்பு முதலில் வலியவருக்கும் எண்ணிக்கையில் மிகுந்தவருக்கும் உரிய கடமை.

வீட்டு வாசலுக்கு வந்து தங்கள் மதத்தைப் பற்றிப் பேசுபவர்களை என்ன செய்வது?

கேட்க நேரமும் விருப்பமும் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால், "நன்றி, எங்களுக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்தவர்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். அவர்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினால் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

"அவங்க சாமி பொய்யாம்மா?" என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். "நாம இப்படிக் கும்பிடுறோம், அவங்க வேற மாதிரி கும்பிடுறாங்க, ஏன்னு அவங்ககிட்டயே கேப்போம்" என்று சொல்லலாம். கேட்கவும் வேண்டும். நாகூர்க் கந்தூரியின்போது நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் சந்தனக்கூடு ஊர்வலத்தையும், ஆகஸ்ட் 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவையும் எல்லா மதத்தாரும் நின்று பார்க்கிறார்கள். மொட்டை போட்டுக்கொள்பவர்களில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். கும்பகோணத்திலும் தஞ்சைக் கரந்தையிலும் சமணக் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன என்பது அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கே தெரியாது.

கூட்டிப் போவதற்கு முன் அந்த மதத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: தலையை மூட வேண்டுமா, செருப்பை எங்கே விடுவது, எந்த இடம் வரை போகலாம், புகைப்படம் எடுக்கலாமா, வழிபாட்டு நேரத்தில் உள்ளே நிற்கலாமா. முடிந்தால் அந்த நண்பரின் பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டிப் போங்கள். உங்கள் குழந்தை கேட்கும் கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்வார்கள்.